இருநூற்றுப் பதினொரு மங்குகள்

பெர்மாஸ் ஜெயாவில் என் பேரன் படிக்கும் பள்ளியிலிருந்து போன வாரம் ஒரு படிவம் வந்தது. சுற்றுச்சூழலைக் காக்கப் பள்ளி முழுவதும் களத்தில் இறங்குகிறதாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய போத்தல், காகிதம், டின் எல்லாம் கொண்டுவர வேண்டுமாம். அடியில், 'இப்பொருள்கள் எங்களுக்கு வேண்டாதவை என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி, பெற்றோர் கையொப்பமிட ஒரு கோடு. நான் கல்வி இலாகாவில் சுற்றறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவள். இந்த வரியைச் சேர்த்தவர் எங்கோ அடிபட்டவர் என்பது பார்த்ததும் புரிந்தது. எங்கள் காலத்தில் அந்த வரி இல்லை.

உலு திராமிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது எங்கள் பள்ளி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தோட்டத்தில் காய்ச்சல் பரவியது. சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நெளியும் புழுக்களைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போனார். மறுநாளே தலைமையாசிரியர் கொசு ஒழிப்பு வாரத்தை அறிவித்தார். கொசுக்களைத் தவிர எல்லாருக்கும் அது தெரிவிக்கப்பட்டது.

பலகையில் அவருடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தண்ணீர் தேங்கும் எந்தப் பாத்திரமாயினும் கழுவிப் பள்ளியில் ஒப்படைக்கவும். அதிகம் சேர்க்கும் வகுப்பு தோட்டத்து லாரியில் பாசிர் கூடாங் கடற்கரைக்கு அழைத்துச் செல்லப்படும்.' எந்தப் பாத்திரமாயினும் என்று எழுதியவர் எவை கூடாது என்று எழுதவில்லை. பிற்காலத்தில் என் கீழ் வேலை செய்த எவரையும் இப்படி ஓர் அறிவிப்பை அனுப்ப நான் விட்டதில்லை.

நான் கடலைப் பார்த்ததில்லை. வகுப்புத் தலைவியும் நான்தான். ஆறாம் வகுப்புக்குத் தலைவன் மளிகைக் கடைக்காரர் மகன். அவன் தினம் ஒரு சாக்கு நிறையக் காலிப் பால் டின்களோடு வந்து இறங்கினான்.

"என்னா, உங்க வகுப்புல யாரும் தேத்தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று எங்கள் குவியலைப் பார்த்துக் கேட்டான்.

கடைசி நாளன்று நாங்கள் நூற்று எண்பது குறைவாக இருந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுகாதார இலாகா லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போய்க் குழியில் கொட்டி மூடிவிடும்.

அப்போதுதான் எனக்கு மங்குகள் நினைவுக்கு வந்தன. ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைத்திருக்கும் பீங்கான் கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். மூன்று நாள் விடாத மழை, பால்வெட்டே இல்லை. மங்குகளில் மழைத் தண்ணீர் நின்றது. சிலவற்றில், அதிகாரி காட்டிய அதே புழு நெளிந்தது. அறிவிப்பின்படி எங்கள் பக்கம் நியாயம் இருந்தது. அடுத்தவர் பொருளை எடுத்தால் திருட்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மிகுந்த நேர்மையோடு, என் அப்பா பால் வெட்டும் மரங்களுக்கு மட்டும் வகுப்பை அழைத்துப்போனேன்.

மழை விட்ட அந்தப் பிற்பகலில் இருநூற்றுப் பதினொரு மங்குகளைக் கழற்றினோம். பள்ளிக் குழாயடியில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். பல ஆண்டுக் கறை போய், மங்குகள் சோற்றுக் கிண்ணம்போல் வெளுத்தன. அன்றைக்குப் பொறுப்பாக இருந்த இளம் ஆசிரியர் பட்டணத்துக்காரர். அவர் பாராட்டிவிட்டுப் பதிவேட்டில் எண்ணிக்கையை ஏற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெட்டு இருக்கு. தொர வேற நம்ம மரங்களத்தான் மொதல்ல பாக்க வராராம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கங்காணி வீட்டுக்குக் கிளம்பினார். தோட்டத்து மேலாளரைத்தான் துரை என்போம்; வேலையாட்களை மேய்ப்பவர் கங்காணி.

மங்கு இல்லாமல் பால் வெட்ட முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கடலுக்கும் எனக்கும் நடுவில் அது மூன்று மணி நேரம் மறைந்திருந்தது, அவ்வளவுதான். போன மாதம்தான் பக்கத்து வீட்டு மாமாவின் மரங்களில் இருபது மங்கு காணாமல் போய், அவரைப் புல்வெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதில் பாதிச் சம்பளம்தான்.

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

"எத்தன?" என்றார் அம்மா.

"இருநூத்திப் பதினொன்னு."

"எண்ணி வேற வச்சிருக்க."

"கடலு பாக்கணும்னியே, இந்தா கண்ணுலயே வந்துருச்சி" என்றான் அண்ணன். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்து, நாலு சாக்கைக் கையில் கொடுத்தார்.

தலைமையாசிரியர் பள்ளியை ஒட்டிய வீட்டில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் பதிவேட்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"ஏத்தியாச்சேம்மா. ஒப்படைச்ச பொருளத் திருப்பிக் குடுக்கணும்னா எழுத்துல ஒரு மனு வேணும்."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க சார். எழுதத் தெரிஞ்சதுதான் இவ்வளவும் செஞ்சிட்டு நிக்கிது."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். என் வாழ்க்கையின் முதல் அலுவல் கடிதத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, 'தவறுதலாக ஒப்படைக்கப்பட்ட மங்குகள்' என்று தலைப்பிட்டு எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தார். தலைமையாசிரியர் தேதி போட்டு, கோப்பில் செருகி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சாக்கை அவரே தோளில் தூக்கினார். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் பின்னால் ஓடிவந்தார்கள். கடைசி மங்கு மரத்தில் ஏறியபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் பள்ளியில் ஒரு பாடமும் என் காதில் ஏறவில்லை. மத்தியானம் அப்பா வரும்வரை வாசலிலேயே நின்றேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"தொர என் மங்கு ஒன்னக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. இது யாரு மரம்னு கேட்டு, கங்காணிக்கிட்ட, 'இப்பிடி இருக்கணும்'னு காட்டுறாரு. எனக்கே ஒன்னும் புரியல. மூனு நாளு மழ, கழுவிருச்சோ என்னமோ."

"இருக்கும்" என்றார் அம்மா.

அந்தச் சொல்லைக் கேட்டபின்தான் எனக்குப் பசித்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். எங்கள் எண்ணிக்கையில் இருநூற்றுப் பதினொன்று கழிந்து, ஆறாம் வகுப்பு கடலுக்குப் போனது. லாரியிலிருந்து கடைக்காரர் மகன் நாக்கைத் துருத்திக் காட்டினான். அப்போதும் எனக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த வாரம் துரையின் உத்தரவு வந்தது. இனி எல்லாரும் மங்குகளை முறைவைத்துக் கழற்றி, நார் போட்டுத் தேய்த்து, இதேபோல் வெள்ளையாக வைக்க வேண்டும். விடியலுக்கு முன்னே எழுந்து பால் வெட்டிச் சுமந்த பெண்கள், சாயங்காலங்களில் குழாயடியில் சாக்குச் சாக்காக மங்குகளோடு உட்கார்ந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும்.

"வாங்க மகாராணி. உங்கப்பாவுக்குத் தொரகிட்ட ரொம்ப நல்ல பேராமே" என்பார் அடுத்த வீட்டு அத்தை.

அவர்களுக்கு எங்கள் மேல் பொறாமை என்றே நினைத்து, தலையை நிமிர்த்தி நடந்தேன். அம்மா தன் பங்கைத் தேய்த்து முடித்த பிறகும் எழுந்து வராமல், அந்த அத்தையின் சாக்கிலிருந்தும் பத்து மங்குகளை எடுத்து ஏன் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவே இல்லை.