மணி அடிக்காத மத்தியானம்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பம்பு செட், கிரைண்டர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு விளக்கப் புத்தகம் இருக்குமே, அதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை. வேலை கஷ்டமில்லை. ஒரே இடத்தில் உட்காருவதுதான் கஷ்டம். இரண்டு வரி எழுதியதும் கை தானாகப் போனைத் தேடும்.

அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் ஒரு டைமர் போட்டுக்கொண்டேன். திரையின் ஓரத்தில் வெளிர்பச்சையில் ஒரு வட்டம். வேலை நேரம் போகப்போக அது மெல்லக் கரையும். முழுதும் கரைந்ததும், எங்கோ தள்ளி அடிப்பதுபோல ஒரு மணிச்சத்தம். பிறகு கொஞ்சம் ஓய்வு. மறுபடி மணி, மறுபடி வேலை. விரட்டாது, மிரட்டாது. எனக்கு அது பிடித்துப்போனது. சில வாரங்களில் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டால் மணி அடிக்கும்வரை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தேன். மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான், கணவர் காலையிலேயே லேத் பட்டறைக்குப் போய்விடுவார். உண்மையில் என்னைக் கூப்பிட அந்த வீட்டில் ஆளே கிடையாது.

கண் புரை அறுவைக்காக அப்பா வந்தபோதுதான் ஆள் வந்தது. காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அம்மா மாடுகளை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் தனியாக பஸ் ஏறி வந்தார். வந்த மறுநாளே அறைக் கதவைத் திறந்து, "ஏனம்மிணி, சாப்பிட்டயா?" என்று கேட்டார். நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"வேலை நேரமுங்கப்பா. மணி அடிச்சா நானே வாரேன்."

"செரி செரி, உன்ற வேலையப் பாரு" என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதற்கப்புறம் அந்தக் கதவை அவர் தொடவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கண்ணில் எல்லாம் கலங்கலாகவே தெரிந்தது. இன்னொரு கண்ணிலும் புரை. குனியக் கூடாது, எங்கேயும் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போக ஒரு படி இறங்க வேண்டும். "தனியா போயராதீங்கப்பா, என்னைக் கூப்பிடுங்க" என்றேன். அவர் கூப்பிட்டதே இல்லை. ஓய்வு மணி அடித்து நான் வெளியே வரும்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பார். கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். நமக்குத் தோதாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அவர் மணிக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் கம்பெனிக்காரர்களோடு வீடியோவில் பேச வேண்டியிருந்தது. நடுவில் மணி அடித்தால் அசிங்கம் என்று டைமரை நிறுத்தி வைத்தேன். பேச்சு நீண்டுகொண்டே போனது. முடிந்தபோதாவது எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து, போனில் யாரோ ஒரு பெண் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கும் எண்ணம்கூட இல்லை.

டீ வைக்கலாம் என்று வெளியே வந்தேன். அப்பா கட்டிலைப் பிடித்தபடி தரையில் குந்தியிருந்தார். தோள் துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. கட்டிலில் விரித்திருந்த சென்னிமலைப் போர்வையும் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"குனியக் கூடாதுன்னு சொன்னாங்கல்லங்கப்பா" என்றேன். முதலில் அதுதான் என் வாயில் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மணி அடிக்கவே இல்லையே அம்மிணி. ஒருவேளை எனக்குத்தான் கேக்காம போச்சோன்னு நெனச்சேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுல்லங்கப்பா."

"நீ ஆரோ பெரிய ஆளுங்ககூடப் பேசீட்டிருந்தே. அப்பறம் சத்தமில்ல. எழுதறயாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் கொண்டு வந்த இரண்டு வேட்டியில் இன்னொன்று ஏற்கெனவே துவைத்து ஈரமாகக் கிடந்தது. கணவரின் லுங்கியை எடுத்துக் கொடுத்தேன். "மாப்பிள்ளை துணி வேண்டாமம்மிணி" என்று தள்ளிவிட்டார். துவைத்த வேட்டியை இஸ்திரி போட்டுக் காய வைத்துக் கொண்டுவரும்வரை என் பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் தரையைத் துடைத்தேன். துடைக்கும் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதென்று துணியை அழுத்தாமல் துடைத்தேன். "மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் கொடியில் தொங்கிய போர்வையைப் பார்த்து, "இதென்ன இன்னைக்கே தொவைச்சுட்டே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க மாப்பிள்ளை. காபித் தம்ளரத் தட்டி உட்டுப்போட்டேன். கண்ணு செரியாத் தெரியறதில்லீங்களே."

"அதுக்கென்னங்க மாமா" என்று கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்பாவும் சிரித்தார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். பெற்ற மகள் வீட்டில் ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் மனிதர்.

மறுநாள் மேஜையைக் கூடத்துக்கு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். டைமரைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவரே கேட்டார்.

"மணியக் காணோமே?"

"வேண்டாமுன்னு எடுத்துட்டனுங்கப்பா."

"எனக்காக எடுத்தயா? போடம்மிணி. கண்ணு மூடிப் படுத்திருக்கறவனுக்கு அதுதான் நேரங்காட்டுது."

போட்டேன். வட்டம் கரைந்தது. மணி அடித்ததும் அவரைக் கேட்காமலே கையை நீட்டினேன். மணி அடிக்காதபோதும் நீட்டினேன். ஒவ்வொரு முறையும் "வேலை கெடுது அம்மிணி" என்றபடிதான் எழுந்தார். அன்று வீடியோப் பேச்சு முடிந்தபின் கதவுக்குப் பின்னால் நான் எந்த வேலையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட வேண்டுமென்று பல தடவை வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். ஆனால் மகளின் வேலைக்காகப் பொறுத்தேன் என்று அவருக்கிருந்த ஓர் ஆறுதலும் போயிருக்கும். சொல்லவில்லை.

கண் தெளிந்ததும் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். பார்வை நன்றாகவே வந்திருந்தது.

இப்போது வாரம் ஒருமுறையாவது போன் செய்வார். நான் எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "மணி அடிச்சிருச்சா அம்மிணி, பேசலாமா?" என்பார்.

திரையில் பச்சை வட்டம் பாதிகூடக் கரைந்திருக்காது.

"அடிச்சிருச்சுங்கப்பா, பேசுங்க" என்பேன்.

ஆனாலும் சீக்கிரமே போனை வைத்துவிடுவார்.