இருபது சீட்டுகளை யார் போட்டது?

போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஒரு ஹாலில் உட்கார்ந்து நடுங்கினேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சுற்றிலும் தெரிந்த முகங்கள்தான். அதனால்தான் நடுக்கமே!

விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு கிழக்கேகோட்டையில் இருக்கிறது; தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசல்படிகளுக்கு அடியில், ஸ்லாப் போட்டு மூடிய பழைய கழிவுநீர்க் கால்வாய். நினைவு தெரிந்து யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. மேகம் கறுத்தால் போதும், குளியலறைத் துவாரத்திலிருந்து 'குளுக்... குளுக்...' என்று சத்தம் வரும். ஊரில் எல்லாருக்கும் வெள்ளம் வாசல் வழியாக வருகிறது. எங்களுக்கு மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.

என்னவர் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். முதல் வருஷம் தண்ணீர் வந்தபோது கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல் வைத்தேன். இப்போது காலுக்கு மூன்று. "ஃபேன் கிட்டக்க வந்துண்டே இருக்கு..." என்பார், குழறிக் குழறி. ஜோக்காம். எனக்குச் சிரிப்பே வருவதில்லை.

இந்த நேரத்தில்தான் வார்டு தேர்தல் வந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேருக்குச் சுயேச்சையாக நிற்க ஆசை. இரண்டு பேரும் நின்றால் ஓட்டு பிரியும். ஆகவே, நாமே முதலில் ஓட்டுப் போட்டு ஒருவரைப் பொறுக்கிவிடலாம் என்றது ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்.

ஒருத்தி பார்வதி. ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஐ.டி. வேலை. ஸ்லாப்பைப் பெயர்ப்பது, மேலே கட்டிய படிகளை இடிப்பது, கால்வாயை முழுசாகத் திறந்து புதிதாகக் கட்டுவது — இதுதான் அவள் திட்டம். பிளானைச் சுருட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். எங்கள் வீட்டில் பிளானை விரிக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். "இதொண்ணும் இனி வேண்டாம் மாமி. நான் சரியாக்கித் தரேன்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்னொருவர் சங்கரண்ணா. ரிட்டயர்டு அரசு ஊழியர். கல்யாணமோ காரியமோ, முதல் ஆளாக வந்து நிற்பார். எல்லாக் கட்சியிலும் ஆள் உண்டு. அவர் சொன்னது ஒன்றே ஒன்று — மழை வந்தால் மோட்டார் கொண்டுவந்து தண்ணீரை இறைத்துத் தருவார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். மழை மூட்டம். இருபத்துமூன்று பேர் வந்திருந்தோம். செயலாளர் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். 'பார்வதி' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்... கை நின்றது. படியை இடிப்பேன் என்பவளுக்கு மற்றவர்கள் போடுவார்களா? தோற்கப்போகிறவளை நிறுத்தி என்ன லாபம்? மோட்டாராவது வரட்டுமே...

'சங்கரண்ணா' என்று எழுதி மடித்துப் போட்டேன்.

எண்ணினார்கள். சங்கரண்ணா இருபது. பார்வதி மூன்று. ஒருவரும் கை தட்டவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று; மழை மூட்டத்தில் ஹால் இருட்டிவிட்டது.

செயலாளர் மொபைல் வெளிச்சத்தில் மினிட்ஸ் நோட்டைத் திறந்தார். "சங்கரண்ணாவுக்குப் போட்டவா யாராவது ஒருத்தர் எழுந்துண்டு, ஏன் அவர்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. இதில எழுதணும், கேட்டேளா?"

யாரும் எழவில்லை.

"ஒருத்தர் போறும்..."

இருட்டில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. முன்வரிசையிலிருந்து மெடிக்கல் ஷாப் மணி பேசினார். "எனக்குப் பார்வதிதான் வேணும்னு இருந்தது. பக்ஷே பின்னாடி இருக்கறவா போடமாட்டாளேன்னு..."

"நாங்களா?" பின்வரிசையில் லலிதா மாமி. "நீங்கள்லாம் போடமாட்டேள்னு நெனச்சுன்னா நாங்க மாத்தி எழுதினோம்!"

அப்புறம் ஒவ்வொருவராக. 'எனக்கு ஓகேதான், ஆனா மத்தவா...' 'மத்தவா ஒத்துக்கமாட்டா...' ஹால் முழுக்க அதே வார்த்தை. நானும் சொன்னேன்.

கடைசியில் சங்கரண்ணாவே தொண்டையைச் செருமினார். "நான் பார்வதிக்குத்தான் போட்டேன். அந்தக் கால்வாய் எங்காத்துலயும் சத்தம் போடறதே!"

அப்படியென்றால் அந்த இருபது சீட்டு யாருடைய ஆசை? எங்கள் எழுத்துதான், எங்கள் பேனாதான். ஆனால் அந்த விருப்பம் அங்கிருந்த ஒருவருக்கும் சொந்தமில்லை. இருபத்துமூன்று பேரைத் தவிர இன்னொரு கூட்டம் எங்கள் நடுவில் உட்கார்ந்து, எங்கள் கையைப் பிடித்து எழுதவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. உங்களிடம் ஒளிப்பானேன்? பக்கத்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

'அப்போ மறுபடி போடலாமே?' என்று யாராவது கேட்டிருக்கலாம். இருபத்துமூன்று பேரும் மற்றவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தோம். செயலாளர் 'ஏகமனதாக' என்று எழுதி நோட்டை மூடினார்.

படியிறங்கும்போது பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான். அதற்குள் அவளே சொன்னாள்: "விடுங்கோ மாமி. நானும் அண்ணாவுக்குத்தான் போட்டேன். எனக்கு யாரு போடப்போறான்னு தோணித்து."

வீட்டுக்கு வந்தேன். மழை இன்னும் பிடிக்கவில்லை. குளியலறையில் மட்டும் 'குளுக்...' என்றது. ஜெயிக்கிற ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் புத்திசாலித்தனத்தோடு இவர் கட்டில் பக்கத்தில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"யாருக்குப் போட்டே?" என்றார்.

சொன்னேன்.

மேலே ஃபேனைப் பார்த்தார். "அப்போ செங்கல் சொல்லிடு."

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போன் பண்ணினேன். நாலு கால், நாலு செங்கல். கடைக்காரர் சிரித்தார். "எந்தா மாமி, உங்க தெருவுல எல்லாரும் வீடு கட்டறாளா? காலையிலேருந்து இது ஏழாவது ஆர்டராக்கும்."

முதல் ஆர்டர் சங்கரண்ணா வீட்டுக்காம்!