வாங்க என்று சொல்லாத நாள்

சேலத்து டாக்டர் என் கடைவாய்ப் பல்லை எடுத்ததை வைத்தியம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வராது. அது அடிதடி. அவருடைய ஆள் ஒருவன் என் தலையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் இடுக்கியை உள்ளே விட்டுத் திருகினார். தாடைக்குள் ஏதோ முறிகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. பிறகு பஞ்சைத் திணித்து, "பொழுது சாயற வரைக்கும் துப்பாதீங்க, பேசவே கூடாது. ரத்தம் மறுபடி கிளம்பினா லேசில் நிக்காது" என்றார். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறி எங்கள் ஊர் மல்லசமுத்திரம் வந்து சேர்வதற்குள், அந்த டிரைவரை மனதுக்குள் பலமுறை கொன்றுவிட்டேன்.

வீட்டில் யாருமில்லை. மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். கூடத்துக் கட்டிலில் சுருண்டு படுத்தேன். வலி காதுவரை ஏறிக் குத்தியது. யார் எதிரில் வந்தாலும் கடித்துவிடலாம் போலிருந்தது. கடிக்கத்தான் பல் குறைந்திருந்தது.

அப்போதுதான் என் பெரியப்பா மகன் உள்ளே வந்தார். எனக்கு அண்ணன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று. ஒரு நாள் அவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பார், மறுநாள் நான். போன கோடையில் அந்த முறையில் தகராறு வந்து, அவர் என் இறைப்புக் கயிற்றை அரிவாளால் வெட்டினார். நான் அவர் மாடுகளை அவிழ்த்து விரட்டினேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இப்போது அவர் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய். மகள் கல்யாணத்துக்கு அழைக்க அவரே படியேறி வந்திருக்கிறார். இந்த மனுஷனோடு மறுபடி சேர்ந்துவிட வேண்டும் என்று உள்ளூர ஏங்கிக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் பகையாளியே வந்தாலும் முதல் வார்த்தை 'வாங்க' என்பதுதான். அதைச் சொல்லாத வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததற்காகவே நல்லது கெட்டதுக்குப் போகாமல் நின்றுபோன குடும்பங்கள் உண்டு. என் வாயிலோ பஞ்சு. எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டிக் கூப்பிட்டேன். வேலையாளைத்தான் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். வீங்கிய முகம் அவர் கண்ணுக்கு உம்மென்று வைத்துக்கொண்ட முகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன்டா, ஊட்டுக்கு வந்தவன வாங்கன்னு கூப்புட உனக்கு வாய் வரலியா?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. தாம்பாளத்தை வாசலில் விட்டெறிந்தார். தேங்காய் உடைந்து சிதறியது. திரும்பி நடந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தேன். உதறினார். நான் உரலின் மேல் முகம் மோத விழுந்தேன். பஞ்சு தெறித்து விழுந்தது. மடை உடைந்ததுபோல் பின்னாலேயே ரத்தம் வந்தது. "வாங்கண்ணா" என்று சொல்லப் பார்த்தேன். சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம்.

அண்ணன் பயந்துபோனார். "ஐயோ சாமி, என்னடா ஆச்சு" என்று என் கழுத்தைத் தாங்கிப் பிடித்துத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனர்கள் இரண்டு பேரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். எனக்குப் பெண் பிறந்த சேதியைச் சொல்ல வந்தவர்கள். நான் பல் எடுக்கச் சேலம் போனது அவர்களுக்குத் தெரியாது. கிணற்றுச் சண்டை நன்றாகத் தெரியும். அவர்கள் கண்டதெல்லாம் ரத்தமும் என் கழுத்தில் அண்ணன் கையும்தான்.

"மாமனக் கொல்றான்டா" என்று பெரியவன் வண்டியிலிருந்து கழியை உருவினான். முதல் அடி அண்ணன் தோளில் விழுந்தது. அடுத்தது தாடையில். காலையில் எனக்குள் கேட்ட அதே முறிவுச் சத்தத்தை இப்போது வெளியே கேட்டேன். குறுக்கே விழுந்தேன். என் முதுகிலும் ஒன்று விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், தலையை ஆட்டினேன், குழறினேன். குழறக் குழற ரத்தம் கூடியது. ரத்தத்தைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு வெறி ஏறியது. அண்ணன் அசைவில்லாமல் சுருண்ட பிறகுதான் சின்னவன் மூச்சிரைத்துக்கொண்டு, "மாமா, புள்ள பொறந்திருக்குதுங்க" என்றான். அவனை அறைந்தேன்.

ரத்தம் மட்டுப்பட்டு நாக்கு புரண்டதும் சொன்னேன். "அது பல்லுப் புடுங்குன ரத்தம்டா. கல்யாணத்துக்குக் கூப்புட வந்தவர அடிச்சுப்போட்டீங்களேடா."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு, "அத அப்பவே சொல்லியிருக்கலாமுங்க மாமா" என்றான். அவனையும் அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே, தாம்பாளத்தின் நெளிவைத் தட்டி எடுத்து, புது வெற்றிலை வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நின்றேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டியிருந்தது. அண்ணி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாலாடையில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னைக்குப் பல்லுப் புடுங்கியிருந்தனுங்க. பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாருங்க. வாங்கன்னுதான் கைய ஆட்டுனனுங்க."

அவர் கண் நிறைந்தது. கட்டுக்குள் உதடு அசைந்தது. கூப்பிட்டாரா, வைதாரா, எனக்குத் தெரியவில்லை. சத்தம் வெளியே வரவில்லை.

அண்ணியின் வாயில் கட்டு எதுவும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டுப் பாலாடையில் மறுபடி கஞ்சியை மொண்டார். அவரும் கூப்பிடவில்லை.