மாத்தாவும் தையல் மிஷினும்

மலாய் மொழி கலந்து பேசும் எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரை மாத்தா என்றுதான் சொல்வோம். மாத்தா ஜீப் தோட்டத்துக்குள் நுழைந்தால் தப்பு செய்தவன் ஒளிவான். ஒன்றும் செய்யாத நானும் சேர்ந்து ஒளிவேன். அப்படிப்பட்டவனுடைய வேனுக்குப் பின்னாலேயே ஒருநாள் மாத்தா ஜீப் வந்தது. என்னைப் பிடிக்க அல்ல, எனக்குத் துணையாக.

தொண்ணூறுகளின் பின்பாதியில், பெம்பான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செங் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேன் நிறையப் பேச்சு இருக்கும். நான் கண்ணாடியைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

"டிரைவருக்கு வாய் இருக்கா லா?" என்பாள் ஒருத்தி.

"இருக்கு, சோறு திங்க மட்டும்" என்பாள் இன்னொருத்தி.

ஒரு காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தையல்கார அக்காவும் அந்த வேனில் ஏறினார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஒரு காலில்தான் சிலிப்பர். பெண்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்று செங் வரைக்கும் வேனில் பேச்சே இல்லை. எல்லாரும் இறங்கிய பிறகு அக்கா சொன்னார்: "தம்பி, புக்கிட் பெருவாங்குல தங்கச்சி வூட்ல எறக்கி வுட்ரு."

அவர் கணவன் அடிப்பது தோட்டத்துக்குப் புதிதல்ல. முன்பும் யாரோ போன் செய்து மாத்தா வந்திருக்கிறார். வயதான மலாய்க்கார கார்ப்பரல். புருஷன் பெண்டாட்டி சண்டை, அதற்கு நான் என்ன செய்வது என்று இருவரையும் கைகுலுக்கச் சொல்லிவிட்டுப் போவார். போகும்போது கணவன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்புவான். மாத்தா என்றால் விருந்தாளியில் ஒரு வகை என்றே அவன் நினைத்திருந்தான்.

இந்த முறை அப்படி முடியவில்லை. தங்கை அக்காவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுத வைத்தார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சமூகநல அதிகாரி வந்து பேசினார். குடும்பத்தில் அடிப்பதற்கென்றே தனிச்சட்டம் வந்துவிட்டதாம். போலீஸ் விசாரணை முடியும்வரை கணவன் அவர்மேல் கை வைக்கக் கூடாது, வைத்தால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அதோடு, அக்கா போலீஸ் துணையுடன் வீட்டுக்குப் போய்த் தன் சொந்தச் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம். துணைக்கு அதே கார்ப்பரல்தான் வந்தார். "டூலு லாயின், செகாராங் லாயின்" என்றார் என்னிடம். அன்றைக்கு வேறே, இன்றைக்கு வேறே. யாரோ அவரைப் பரீட்சைக்கு உட்கார வைத்த மாதிரி முகம்.

சாமான் ஏற்ற என் வேன்தான் வேண்டும் என்றார்கள். மறுத்துப் பேச எனக்கு எந்தக் காலத்தில் தைரியம் இருந்தது? அது தீபாவளிக்கு முந்திய வாரம். அக்கா முன்சீட்டில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேல போனா போவுது தம்பி. மிஷின் மட்டும் வந்துரணும். அது இல்லாம எத்தன நாளைக்குத் தங்கச்சி புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு சோறு திங்கறது? நானே திரும்பி வந்துருவேன். அது எம் புருஷனுக்கும் தெரியும்."

போய்ச் சேர்ந்தபோது கணவன் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் நின்றான். முக்காலியில் தேத்தண்ணியும் வாழைப்பழமும் தயார்.

"வாங்க துவான், உக்காருங்க."

கார்ப்பரல் உட்காரவில்லை. உத்தரவை வாசித்தார். அவன் அஞ்சடியைவிட்டு அசையக் கூடாது என்று கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு அக்காவோடு உள்ளே போனார். ஒரு சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார், மொழிபெயர்க்க. ஊரில் பேசத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான்.

அடையாள அட்டை, கம்மல், விட்டுப்போன ஒற்றைச் சிலிப்பர் எல்லாம் பைக்குள் போயின. சேலைகளை அடுக்கும்போது அஞ்சடியிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பச்சச் சேல நான் வாங்கிக் குடுத்தது."

"அப்ப நீயே கட்டிக்க" என்றார் அக்கா.

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் வாசல்பக்கம் எட்டி அவனை மேலும் கீழும் ஒருமுறை அளந்துவிட்டு, "அம்பில்" என்றார் அக்காவிடம். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

கடைசியில் மிஷின். ஜன்னலோரம், கால்மிதியோடு, இரும்புக் கனத்தோடு நின்றது.

"மிஷின் வூட்டுச் சாமான் துவான்" என்றான் கணவன். "கட்டிலு மேச மாதிரி. அத எப்படிக் குடுக்கறது?"

கார்ப்பரல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சேலை சொந்தச் சாமான், அதில் சந்தேகமில்லை. மிஷின் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லத் தனக்கு அதிகாரமில்லை, தகராறு என்றால் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும் என்றார். அக்கா மிஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது வேலிப்பக்கமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பாதி லயத்துப் பெண்கள் அங்கே கூடியிருந்தார்கள்.

"டிரைவரே, இங்க வாலா. அந்த மாத்தா கிட்ட சொல்லு. எங்க துணியெல்லாம் அந்த மிஷினு பொட்டிக்குள்ள கெடக்கு."

"வெட்டுன துணி லா. வேற யாரு தச்சாலும் அளவு ஒட்டாது."

"மிஷினு இங்க, ஆளு அங்கன்னா தீவாளிக்கு நாங்க என்னத்தப் போடறது?"

பெண்களின் ரவிக்கையைப் பற்றி ஒரு போலீஸ்காரரிடம் மலாயில் பேசும்படி என் தலையில் எழுதியிருந்தது. உள்ளே போய், "துவான், பாஜு" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"பாஜு சியாப்பா?" யாருடைய சட்டை என்று கேட்டார்.

நான் வேலியைக் காட்டினேன். அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர் திரும்பி மிஷினைக் குனிந்து பார்த்தார். ஊசிக்கடியில் ஒரு மஞ்சள் ரவிக்கை பாதித் தையலோடு மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கைதான் வைத்துத் தைத்திருந்தது. இது யாருடையது என்று அதைச் சுட்டிக்காட்டினார்.

வேலியோரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவின் மாமியார் வந்தார். மகனோடு அதே வீட்டில் இருப்பவர். மருமகள் வருகிறாள் என்று காலையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டவர்.

"அது என்னோடது" என்றார்.

"யம்மா, நீ சும்மா இரு" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா. மிஷினு அவளோடது. அவ அப்பன் லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்குனாரு. நான்தான் அதுக்குப் பொட்டு வச்சேன். பொய் சொல்லச் சொல்றியா, தீவாளி அதுவுமா?"

"நீ யாரு பக்கம்?"

"நான் என் ரவிக்க பக்கம்" என்றார் மாமியார். "அளவு அவளுக்குத்தான் தெரியும்."

வேலியில் சிரிப்பு வெடித்தது. கார்ப்பரல் என் பக்கம் திரும்பினார். அவனைப் பெற்ற தாயே மிஷின் மருமகளுடையது என்று சொல்வதாகச் சொன்னேன். ரவிக்கை விவரத்தை விட்டுவிட்டேன். அவர் அஞ்சடிக்குப் போய் மகனைக் கேட்டார், உன் அம்மா சொல்வது பொய்யா என்று. அவன் அம்மாவைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், வாழைப்பழத்தைப் பார்த்தான். பொய்யில்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டினான். தகராறு தீர்ந்தது என்று கார்ப்பரல் எழுதிக்கொண்டார்.

துணைக்குப் போ என்றுதான் சட்டம் சொல்கிறது, தூக்கு என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான். ஊசியைவிட்டு எடுக்காத மஞ்சள் ரவிக்கை வழியெல்லாம் என் முகத்தில் அடித்தது. வாழைச்சீப்போடு கணவன் ஜீப் அருகே வந்தபோது, "சிம்பான்" என்றார் கார்ப்பரல். நீயே வைத்துக்கொள்.

தீபாவளிக்கு முன் ஒருநாள், தொழிற்சாலைப் பெண்களோடு மாமியாரும் என் வேனில் ஏறினார். அளவு பார்க்கப் போகிறாராம், மகனிடம் சொல்லக் கூடாதாம். புக்கிட் பெருவாங் வீட்டுக் கூடத்தில் மிஷின் நடுநாயகமாக இருந்தது. தங்கை புருஷன் ஒரு மூலையில், துணிக்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மாமியார் போட்டிருந்த மஞ்சள் ரவிக்கையைத் தோள் பக்கம் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார். அவர் கண் வீக்கம் வடிந்து, ஓரத்தில் மஞ்சளாக இருந்தது. மாமியார் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எப்பம்மா வூட்டுக்கு வருவ?"

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நான் வாசலுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"வர மாட்டேன் அத்த" என்றார். "திரும்புங்க, முதுகு இறுக்குதான்னு பாக்கறேன்."

மாமியார் திரும்பி நின்றார். "கொஞ்சம் லூசாவே வையி" என்றார்.