ரெண்டுங்கெட்டான் படிப்பு

கலையும் பொருளியலும் சேர்ந்த பட்டப்படிப்பு என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தார்கள். கல்லூரியில் எங்களுக்கு வைத்த பேர் ரெண்டுங்கெட்டான் செட்டு. மாணவர்கள் வைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வைத்தவர் எங்களுக்கு வரலாறு நடத்திய சார். பொருளியல் நடத்திய மேடம் அதைக் கேட்டுச் சிரிப்பார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

புதுக்கோட்டையில் இருந்த அந்தக் கல்லூரியில் வரலாற்றுத் துறை வாசலோரம் இருந்தது. பொருளியல் துறை கோடியில், சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டி. மணி அடித்ததும் நாங்கள் ஓட வேண்டும். பிந்திப் போனால் மேடம் ஆப்சென்ட் போடுவார். பிந்தக் கூடாதே என்று கொஞ்சம் முன்னால் எழுந்தால் சார் ஆப்சென்ட் போடுவார். சேர்ந்த பதினோரு பேரில் மூன்றாம் வருஷம் நான்கு பேர் மிஞ்சினோம். ஆர்வத்தால் மிஞ்சினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது வீம்பு.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கோர் ஆய்வேடு எழுத வேண்டும். அதில் இரண்டு துறையும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம் கைக்கு வரும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்த இரண்டு கையெழுத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்; செய்தும்விட்டேன்.

அப்பா ஆட்டுத் தரகர். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஆடு வளர்ப்பவர்களையும் வெளியூர் வியாபாரிகளையும் சந்தையில் சேர்த்துவைப்பது அவர் வேலை. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலை எப்படி அழுத்தி என்ன தொகை பேசினார்கள் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வியாபாரியோடு ஒரு துண்டுப் பேச்சு, ஆட்டுக்காரரோடு இன்னொரு துண்டுப் பேச்சு, நடுவில் அப்பா; இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு. அந்த விரல் பாஷையைப் பற்றி எழுதினேன். பாஷையும் விலையும் ஒரே துண்டுக்குள் இருந்தன. எங்கள் படிப்புக்கு அதைவிடப் பொருத்தமான விஷயம் கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன்.

சார் நாலு பக்கம் புரட்டினார். “வெலை, யாவாரம்னே கெடக்கு. இதுல கலை எங்கம்மா இருக்கு? ஆட்டுச் சந்தையப் பத்தி எழுதுனா ஆடு கண்ணுக்குத் தெரிய வேணாமா?” என்று திருப்பிக் கொடுத்தார்.

மேடம் அந்த நாலு பக்கம்கூடப் புரட்டவில்லை. “கதை நல்லாருக்கு. டேபிள் எங்க? வாங்குனவர் எவ்வளவு குடுத்தாரு, வித்தவங்க கைக்கு எவ்வளவு போச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கொண்டா. இல்லாட்டி நா கையெழுத்துப் போட மாட்டேன்.”

அப்பாவிடம் கேட்டேன். “துண்டுக்குள்ள பேசுனது துண்டோட போகணும்த்தா. அத வெளிய சொல்லிட்டா அப்பறம் நா தரகனே இல்ல” என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. “அப்ப ஏமாத்துறீங்கன்னுதான அர்த்தம்? வெவரத்த மறைச்சு வெச்சு லாபம் பாக்குறதப் பத்தி எங்க பொஸ்தகத்துலயே இருக்கு” என்றேன். படிக்க வைத்தவரைப் படிப்பை வைத்தே அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், “நோட்ட எடு, எழுதிக்க” என்றார். மாதக் கணக்கில் விற்ற ஆடுகளை ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து சொன்னார். ஆள் பேரைப் போடக் கூடாது என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. நினைத்திருந்தால் பொய்த் தொகை சொல்லியிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் உண்மையாகச் சொன்னார்.

ஒரு பேர்கூடப் போடாமல் எழுதினேன். மேடத்துக்காக இரண்டு விலையும் போட்டேன். சாருக்காக ஒவ்வொரு ஆட்டையும் வர்ணித்தேன்: செவலைக் கிடா, இடது காது பிளந்தது, நெற்றியில் வெள்ளைச் சுழி. இருவருக்கும் திருப்தி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். துறைக் கண்காட்சியில் அட்டவணையைப் பெரிய சார்ட்டாக எழுதி மாட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், ஒரே வாரத்தில் சந்தைக்கே போய்ச் சேர்ந்தது.

ஆடு வளர்க்கிற ஊரில் ஆள் பேர் எதற்கு? காது பிளந்த செவலைக் கிடா என்றாலே யார் வீட்டுக் கிடா என்று குழந்தைகூடச் சொல்லும். ஆட்டுத் தரகர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. மேடம் கேட்டது மட்டும் இருந்திருந்தால் வெறும் எண். சார் கேட்டது மட்டும் இருந்திருந்தால் வெறும் ஆடு. இரண்டையும் சேர்த்தது நான்.

அடுத்த சந்தையில் அப்பாவின் துண்டுக்குள் ஒருவரும் கை வைக்கவில்லை. அன்று அவர் மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். “தொகையாலதானம்மா பிரச்சனை? அது எகனாமிக்ஸ் பக்கம்” என்றார் சார். “நம்பர வெச்சு யாரையும் கண்டுபிடிக்க முடியாதும்மா. அந்த வர்ணனைதான் காரணம், அங்கிட்டுப் போயிக் கேளு” என்றார் மேடம். மூன்று வருஷம் என்னை ஓடவிட்டது போதாதென்று அன்றைக்கும் ஓடவிட்டார்கள். வராந்தாவில் நின்று கத்தினேன். ஸ்டாஃபிடம் இப்படியா பேசுவது என்றார்கள். அதற்கு மேலும் பேசினேன். எதற்கும் நான் வருந்தவில்லை.

அந்த வாரமே செவலைக் கிடாவை விற்ற அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளின் பிரசவத்துக்காக அவசரமாக விற்றவர். “ஒங்கள நம்பித்தானண்ணே கைய நீட்டுனேன். நடுவுல இம்புட்டா எடுத்தீங்க?” என்று அப்பாவைக் கேட்டார்.

“எல்லாத் தரகரும் எடுக்குறதுதான் தங்கச்சி” என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு. அப்போதுதான் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. பேறுகாலச் செலவுக்கு விற்கிற ஆட்டிலுமா என்று கேட்க வாய் வரை வந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நின்றேன். “ஆத்தா, நீ எழுதுன தாளு ஒண்ணு எனக்குக் குடு. அடுத்த சந்தைக்குக் கொண்டு போறேன். ஆடு விக்க வர்ற பொம்பளைங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லணும்” என்றார்.

நான் மூன்று வருஷம் படித்ததில் ஒருவர் வேண்டுமென்று கேட்டது அது ஒன்றைத்தான். அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கொடுத்தால் அந்தச் சந்தையில் அவர் இனிமேல் தலையெடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். உள்ளே போய் ஒரு நகலை எடுத்து வந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அப்பா இப்போது பொன்னமராவதியில் ஒரு தீவனக் கடையில் மூட்டை இறக்குகிறார். சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுச்சா என்றெல்லாம் கேட்கிறார். படிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் கொடுத்தது தப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சரிதான் என்று சொன்னால் அதைவிட அதிகமாக வருகிறது.