குளத்து விரால்

தீவின் மறுகோடியிலுள்ள பாலிக் புலாவிலிருந்து, பட்டணத்துச் சூலியா தெருவில் இருந்த எங்கள் கடைக்கு ஜாதிக்காய் ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர் அவர். நெடிய உடம்பு, ஒரு காதில் மட்டும் கடுக்கன். ஞாயிறானால் தோட்டத்துக் குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை நானும் போனேன். பிடித்த விராலுக்கு உப்பும் மஞ்சளும் தடவி, தேங்காய் மட்டைத் தணலில் சுட்டு, வாழையிலையில் வைத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

“பாசார்ல கடல் மீன் குவிஞ்சு கிடக்கே. ஏண்ணே இதுக்காகக் காத்துக் கிடக்குறீங்க?” என்றேன்.

முள்ளை நீக்கிச் சதையை என் பக்கம் தள்ளினார்.

“கடல் மீன் நான் தொடுறதில்ல தம்பி. கப்பல்ல வர்றப்ப எம் பொஞ்சாதி செத்துப்போச்சு. உடம்பைக் கடல்லதான் விட்டாங்க. நீ சாப்பிடு, ஆறிடும்.”

சாயங்காலம் தன் குடிசைக்குக் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய தீவில் அவர் அதைக் கட்டியிருந்த இடம் கடற்கரை. வாசலும் கடலைப் பார்த்திருந்தது.