பிஸ்மில்லா சொல்லாத வெந்நீர்

வெந்நீரைக் கீழே கொட்டும் முன் பிஸ்மில்லா சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருக்கும் ஜின்கள் அதைக் கேட்டு விலகிக்கொள்ளும். என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அதைச் சொல்லாமல் கொட்டியிருக்கிறேன். மறந்துபோய் அல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஷார்ஜாவில் வாப்பாவுக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வாப்பாவின் தம்பியான சாச்சாவும் எங்களோடு இருந்தார். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு நாலு மணி வரை கடையை அடைத்துவிடுவார்கள். வாப்பாவும் உம்மாவும் தூங்க, ஏசி ஓடும் இன்னொரு அறையில் சாச்சாவும் நானும் கேரம் ஆடுவோம். அந்த ஊரில் எனக்கு வேறு கூட்டாளி கிடையாது.

ஒரு கோடையில் சாச்சா கேரம் ஆடுவதை நிறுத்தினார். மதியம் முழுக்க முற்றத்து மூலையில், தண்ணீர் போகும் துவாரத்தருகே, கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார், சிரித்தார். எழுந்து வரும்போது வியர்த்திருக்காது. சட்டை குளிர்ந்திருக்கும், ஊத் அத்தர் மணக்கும். அறுந்துபோன பொத்தான்கள், முடிச்சே தெரியாமல் தைக்கப்பட்டிருக்கும்.

அங்கே ஒரு ஜின் பெண்ணோடுதான் அவருக்குப் பழக்கம் என்று புரிந்தும் வீட்டில் யாரும் அலறவில்லை. உம்மாவின் கவலை வேறு. "சோறு கேக்கமாட்டா, நகை கேக்கமாட்டா, நல்லவதான். ஆனா ஊருல போயி என்னண்டு சொல்றது?" வாப்பா மட்டும் ஊரில் பெண் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

அவள் எனக்கும் பழக்கம்தான். நான் காய்ச்சலில் கிடந்த ஒரு மதியம், நெற்றியில் ஈர விரல்கள் பதிந்தன. கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. விரல்கள் மட்டும் எடுக்கப்படாமல் இருந்தன. பயந்தேன். ஆனால் சுகமாக இருந்ததால் தூங்கிப்போனேன்.

பிறகொரு நாள் சாச்சா துவாரத்தைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. "வெள்ளிக்கிழமை வந்துர்றேன். இவங்கள்ட்ட சொல்லல. சொன்னா விடமாட்டாக."

ஜின்களிடம் போனவர் யாரும் திரும்பியதில்லை என்று உம்மா சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம். சாச்சா கடைக்குள் எதையோ எடுக்கப் போயிருந்தார். தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கிவந்தேன். பழக்கத்தில் பிஸ்மில்லா வந்துவிடாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். துவாரத்துக்குள் ஊற்றினேன்.

உள்ளே யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்கள். அடுப்பில் இருக்கும் சட்டியைத் தெரியாமல் தொட்டுவிட்ட பெண் இழுப்பதைப் போல. அவ்வளவுதான். கத்தவில்லை.

ஓடிவந்த சாச்சா, எழும் ஆவியையும் என் கையிலிருந்த பாத்திரத்தையும் பார்த்தார்.

"பிஸ்மில்லா சொன்னியாடா, மவனே?"

"சொன்னேன் சாச்சா."

அவர் மண்டியிட்டு அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, துவாரத்தருகே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கு வியர்ப்பதுபோல அவருக்கும் அன்று வியர்த்துக் கொட்டியது. அவர் போகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாளே எனக்குக் காய்ச்சல் கண்டது. மதியம், வீடு தூங்கும் நேரம், அந்த விரல்கள் மறுபடி நெற்றிக்கு வந்தன. இம்முறை அவற்றில் தோல் உரிந்திருந்தது. கொப்புளங்கள் என் புருவத்தில் உரசின. பழிவாங்க வந்துவிட்டாள் என்று அலறினேன். விரல்கள் சட்டென்று விலகின.

முற்றத்திலிருந்து சாச்சா ஓடிவந்தார். அறை முழுக்க அத்தர் மணந்தது. "யாரு வந்தா? அவளா? சொல்லுடா, அவளா?"

"யாரும் வரல."

அதன்பின் அவள் வரவேயில்லை. சாச்சா குளிர்காலம் வரை காத்திருந்துவிட்டு, வாப்பா பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டார். மனைவியிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னோடு மறுபடி கேரம் ஆடினார்; வேண்டுமென்றே தோற்றார். போன வருடம் மௌத்தானார். அதுவரை எத்தனையோ மதியங்கள் இருந்தன. நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் வெகு காலம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. வெந்துபோன அந்த விரல்கள் அன்றும் ஈரமாகத்தான் இருந்தன. நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பழிவாங்க வருகிறவள் விரலை எதற்கு நனைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசிக்க, ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.